இருபத்தொரு வயதுக்குப் பிறகு

கரக்பூரில் ரயில்வே காரியாலயம் ஒன்றின் பாஸ் பகுதியில் நாம் குமாஸ்தாவாக இருக்கிறோம். பாஸ் பகுதி என்றால் ரயில்வேக் குடும்பங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஏனைய அன்பர்களுக்காக ஒரு வார்த்தை: ரயில்வே ஊழியனும் அவன் குடும்பத்தாரும் ஆண்டுக்குச் சில முறை கட்டணமின்றிப் பிரயாணம் செய்வதற்கு வழங்கப்படும் அநுமதிச் சீட்டே பாஸ். குடும்பத்தார் என்பவர் யார் யார் என்பதற்கு விதி உண்டு. மனைவி சேர்த்தி. மணமாகாத மகள் எந்த வயதினளாயினும் சேர்த்தி. மகன் மட்டும் 21 வயது நிரம்பும் வரையில்தான். அதற்குப் பிறகு அவன் படித்துக்கொண்டிருந்தாலோ, உடல் முடங்கிப் பிறர் கையை எதிர்பார்த்திருந்தாலோ அன்றித் தகப்பனுடைய பாஸில் அவன் பெயருக்கு இடமில்லை. தகப்பனை இழந்து அண்ணனை அண்டியிருக்கும் தம்பிக்கும் அதே 21தான்.

எனவே ஊழியர் எழுதிக் கொடுத்த குடும்ப விவரத் தாளை எடுத்து வைத்து, பிறந்த தேதியைப் பார்த்து, வயது கடந்த பிள்ளையின் பெயர்மேல் சிவப்பு மையால் ஒரு கோடு இழுப்பது நம் உத்தியோகத்தின் ஓர் அங்கமாக இருந்தது. 2020-ஆம் ஆண்டின் இறுதியில் பாஸ் கணினி வழியாக வழங்கப்படலாயிற்று. சிவப்பு மைக்கும் வேலை குறைந்தது. அதற்கு முன்பு நாம் இழுத்த கோடுகளுக்குக் கணக்கில்லை. சில தகப்பன்மார் வருத்தத்தோடு வந்து நிற்பார்கள். பட்டறையில் ஃபிட்டராக இருந்த பெரியவர் ஒருவர் ஒருமுறை, "ஐயா, என் மகனுக்கு 21 ஆயிட்டுதுன்னு உங்க விதிக்குத் தெரியுது. எங்க வீட்டுச் சோத்துப் பானைக்கு இன்னும் தெரியலையே!" என்றார். பகுதியில் இருந்தோர் யாவரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். கோட்டை மட்டும் நாம் இழுத்துவிட்டோம்.

2019-ஆம் ஆண்டில் அவ்வாறே நம் தம்பியின் பெயரையும் நம் கையாலேயே அடித்தோம். அன்று நமக்கு ஒன்றும் தோன்றவில்லை. விதி விதிதானே என்று அடுத்த தாளை எடுத்தோம். அந்தக் கோட்டின் பொருள் விளங்குவதற்கு நமக்கு ஈராண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்தக் கதையைத்தான் இங்கு எழுத முற்பட்டோம்.

நம் பாட்டனார் திருச்சிராப்பள்ளியிலிருந்து கரக்பூருக்குப் பிழைக்க வந்தவர். தந்தையாரும் இவ்வூர்ப் பட்டறையிலேயே வேலை பார்த்தார். 2005-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கோல் பஜாரிலிருந்து காய்கறி வாங்கி வந்தவர் பையைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். அப்போது நமக்கு 18 வயது. மெட்ரிகுலேஷன் தேறிப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்கு இரண்டு மாதங்கள் இருந்தன. அந்தப் பரீட்சையை நாம் எழுதவில்லை. பணியில் இறந்த ஊழியரின் வாரிசுக்குக் கருணை அடிப்படையில் அளிக்கும் வேலை மறு ஆண்டு நமக்குக் கிடைத்தது. வணிகவியல் படித்துக் கணக்காயராக வேண்டும் என்று ஓர் ஆசை இருந்ததுண்டு. அதைப் பற்றி வீட்டில் யாரிடமும் அதன் பிறகு பேசியதில்லை. தங்கை ஒருத்தி, அவளுக்கு மணம் முடித்தோம். தம்பி கடைக்குட்டி. தந்தையார் இறந்தபோது அவனுக்கு வயது 7 கூட நிரம்பவில்லை.

அந்த முதல் ஆண்டில் அவன் நம் சட்டையின் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டுதான் தூங்குவான். விடியற்காலையில் எழ வேண்டுமானால் சட்டையைக் கழற்றி அவன் கையிலேயே விட்டுவிட்டு எழுந்திருப்போம். தாயார் அரிசியைத் தாம்பாளத்தில் பரப்பி அவனுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். நாம் கணக்குச் சொல்லிக் கொடுத்தோம். வங்காளியை அவன் தெருவிலேயே கற்றுக்கொண்டான். பள்ளிக் கட்டணம், சைக்கிள், டைபாய்டு, ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிப்பு என எல்லாவற்றையும் நாமே பார்த்தோம். "நீ அவனுக்கு அண்ணன் இல்லடா பெரியவனே, அப்பன்" என்று தாயார் சொல்லும்போது நமக்கு உள்ளூர ஒரு பெருமிதம் உண்டாகும். அதை ஒளிப்பானேன்?

அந்தப் பெருமிதத்தில்தான் வினை இருந்தது.

2019-ஆம் ஆண்டு ரயில்வேத் தேர்வு வாரியம் ஆயிரக்கணக்கான இடங்களுக்கு அறிவிப்பு விடுத்தது. தம்பிக்கு நாமே விண்ணப்பம் பூர்த்தி செய்தோம். அவனைக் கேட்டோமா என்றால், கேட்டோம். மையொப்பம் இடுவதற்காகக் கேட்டோம். "அண்ணா, எனக்கு மெஷின் வேலைதான் பிடிச்சிருக்கு. மதராஸ் பக்கம் கம்பெனிகள்ல எடுக்கிறாங்களாம்" என்று அவன் அப்போதே சொன்னான். அது வயதுக்கு உரிய பேச்சு என்று விட்டுவிட்டோம். தொற்றுநோய்க் காலம் குறுக்கிட்டது. தேர்வு 2020 டிசம்பர் 28 அன்றுதான் தொடங்கிற்று. அவனுக்கு ஜனவரியில் ஒரு நாள் குறித்து வந்தது, கல்கத்தாவில் மையம். நாமே அதிகாலையில் எழுந்து, ஹௌரா செல்லும் லோக்கல் வண்டியில் அவனை ஏற்றிவிட்டு, அடையாள அட்டையைப் பையில் வைத்தானா என்று இருமுறை கேட்டுவிட்டு வந்தோம். இரவு திரும்பி வந்தான். முகம் கழுவினான். சாப்பாட்டுக்கு உட்காருமுன், "அண்ணா, நான் பரீட்சை எழுதலை" என்றான்.

காலை முதல் மாலை வரை கங்கைக் கரையில் ஒரு படித்துறையில் உட்கார்ந்திருந்தானாம்.

"எழுதலைன்னா என்ன அர்த்தம்?"

"எனக்கு அந்த வேலை வேண்டாம்னு முன்னாடியே சொன்னேன். நீங்க கேக்கலை. எழுதி ஒருவேளை தேறிட்டேன்னா அப்புறம் உங்ககிட்ட மாட்டேன்னு சொல்ல எனக்குத் தைரியம் வராது. அதனால எழுதலை."

இப்போது நினைத்தால் அது எவ்வளவு யோக்கியமான பதில் என்று தெரிகிறது. அப்போது தெரியவில்லை. நாம் சொல்லத் தகாத ஒன்றைச் சொன்னோம்: "இந்த வீட்டுச் சோறு எங்கேருந்து வந்ததுன்னு தெரியுமாடா? அப்பா உயிரை விட்டதுக்கு வந்த சோறு. அந்த உத்தியோகத்தை வேண்டாம்னு சொல்ல உனக்கு என்ன வயசாச்சு?"

அவன் தட்டைப் பார்த்தபடியே சொன்னான்: "எனக்கு இருபத்திரண்டு, அண்ணா. அப்பா செத்தப்ப உங்களுக்குப் பதினெட்டு. அந்த உத்தியோகத்தை நீங்க ஆசைப்பட்டா எடுத்துக்கிட்டீங்க?"

சமையலறையில் பாத்திரம் துலக்கும் ஓசை நின்றுவிட்டது. பதில் சொல்ல நமக்கு வாய் எழவில்லை. பதினாறு ஆண்டுகளாக யாரும் அறியார் என்று நாம் மூடி வைத்திருந்ததை ஒரு சிறுவன் எவ்வளவு காலமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்! பதில் இல்லாதவன் செய்வதையே நாமும் செய்தோம். உணவை விட்டு எழுந்து வெளியே போய்விட்டோம்.

பிப்ரவரியில் அவன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை தேடிக்கொண்டு புறப்பட்டான். தாயார் பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் கட்டிக் கொடுத்தார். நம் இல்லாள் அவனோடு ஸ்டேஷன் வரையில் சென்று வழியனுப்பினாள். ஸ்டேஷனுக்கும் நம் காரியாலயத்துக்கும் கூப்பிடு தூரம். நாம் நாற்காலியில் உட்கார்ந்து, யாருடைய பாஸிலோ ஏதோ எழுதிக்கொண்டிருந்தோம். அந்த வண்டி கிளம்பும் ஊதல் ஓசை ஜன்னல் வழியே கேட்டது. கரக்பூர் பிளாட்பாரத்தின் நீளம் 1072.5 மீட்டர், 2013-இல் கோரக்பூர் முந்தும் வரை உலகிலேயே நீளமானது என்று நாங்கள் பெருமை பேசியதுண்டு. அந்த நீளத்தில் ஓர் ஓரத்திலாவது நிற்க நமக்கு மனம் வரவில்லை.

அதன் பின்னர் அவன் தாயாரோடு பேசுவான், அண்ணியோடு பேசுவான். "அண்ணா இருக்காரா?" என்று கேட்பானாம். "இருக்கார்" என்பார்களாம். அத்துடன் சரி.

நாம் பக்தியில்லாதவர் அல்லோம். மாலையில் விளக்கேற்றிய பின் தாயாரோடு நின்று தேவாரம் சொல்வது சிறு வயது முதல் பழக்கம். கடவுளை அம்மையே அப்பா என்று அழைத்துப் பழகிய நாடு நம் நாடு. அந்நாட்களில் நாம் அவரிடம் கேட்டதெல்லாம் ஒன்றே: தம்பியின் புத்தியைத் திருப்பி அவனை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்பதே. நாளாக ஆக அந்த வேண்டுதல் ஒரு வழக்காக மாறிற்று. 'நீர் தந்தை என்கிறார்கள். எம் தந்தையை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நாற்காலியிலிருந்தே கொண்டுபோனீர். அவருக்குப் பதிலாக எம்மை நிறுத்தினீர். பதினாறு ஆண்டுகள் உம்முடைய வேலையையும் சேர்த்துப் பார்த்தோம். இப்போது கேட்டது ஒன்று; அதற்கும் வாய் திறக்கவில்லை. பிள்ளை வழி தவறிப் போகும்போது கையைப் பிடித்து இழுக்காதவர் எப்படித் தகப்பனாவார்?' இப்படிப் போயிற்று நம் வழக்கு. தேவாரம் சொல்லும் வாய்க்குப் பின்னால் நெஞ்சம் இவ்வாறு நீதிமன்றத்தில் நின்றுகொண்டிருந்தது என்பது நம் தாயாருக்குத் தெரியாது என்றே நினைத்திருந்தோம்.

நம் பகுதியில் திருவரங்கத்துக்காரர் ஒருவர் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். வைணவ நூல்களில் தோய்ந்தவர். ஒருநாள் தேநீர்க் கடையில் அவரிடம் மனத்தாங்கலைச் சொன்னோம். அவர் முதலில், "ஸ்ரீபெரும்புதூருக்கா போயிருக்கான்? உடையவர் அவதரிச்ச ஊராச்சே! அப்புறம் என்ன கவலை?" என்று சிரித்தார். பிறகு இரண்டு குட்டிகளின் கதையைச் சொன்னார். கடவுளுக்கும் உயிருக்கும் உள்ள உறவை வைணவப் பெரியோர் இரு வகையாக விளக்கியிருக்கிறார்கள். வேதாந்த தேசிகரைப் பின்பற்றும் வடகலையார், குரங்குக் குட்டி தாயின் வயிற்றைத் தானே இறுகப் பற்றிக்கொள்வதுபோல உயிரும் தன்னால் இயன்ற ஒரு சிறு முயற்சியையாவது செய்ய வேண்டும் என்பர். பிள்ளை லோகாசாரியரைப் பின்பற்றும் தென்கலையார், பூனைக்குட்டி ஒன்றுமே செய்வதில்லை, தாயே அதைக் கவ்விக்கொண்டு போகிறது, அப்படியே இறைவன் உயிரைத் தாங்குகிறான் என்பர். பல நூற்றாண்டுகளாக இவ்விரு சாராரும் வாதிட்டு வருகின்றனர்.

நாம் பொறுமையிழந்து, "சுவாமி, அந்தக் குரங்குக் குட்டியும் பூனைக்குட்டியும் வளர்ந்த பிறகு என்ன? அப்போது யார் யாரைப் பிடிப்பது?" என்று கேட்டோம்.

அவர் வெகு நேரம் பேசவில்லை. தேநீர் ஆறிப் போயிற்று. "அதைப் பெரியாழ்வாரைத்தான் கேக்கணும்" என்றார்.

அவர் சொன்ன பிறகுதான் பெரியாழ்வாரைப் பற்றி நாம் யோசித்தோம். கண்ணனைக் குழந்தையாக்கி, தம்மை யசோதையாக்கி, குளிக்க அழைத்தும் பூச்சூட்ட அழைத்தும் பாடியவர் அவர். கடவுளைத் தகப்பன் என்று சொல்வோர் ஆயிரம் பேர். கடவுளுக்கே தாயாக இருந்து பார்த்தவர் அவர். அவருக்குத் துளசித் தோட்டத்தில் கிடைத்த குழந்தை ஆண்டாள். பெற்ற பெண் அல்லள். எடுத்து வளர்த்த பெண். அவள் வளர்ந்து, மானிடர் எவரையும் மணக்க மாட்டேன், அரங்கனையே மணப்பேன் என்றாள். எந்தத் தகப்பன் இதைக் கேட்டு மகிழ்வான்? வில்லிபுத்தூரிலிருந்து திருவரங்கத்துக்கு அழைத்துப் போய்விட்டுத் தனியே திரும்பினார். ஒரே மகளை வளர்த்து, அவளைத் திருமால் கொண்டுபோய்விட்டான் என்று ஒரு தாய் வெறும் வீட்டில் நின்று அரற்றுவதுபோல அவர் பாசுரமே பாடியிருக்கிறார். அன்றைக்கு அந்தப் பெரியவர் சொல்ல வந்தது இதுதான் போலும்: பெண்ணைக் கொண்டுபோனவன் சாட்சாத் பகவானே ஆயினும், வளர்த்தவனுக்கு வீடு வெறிச்சென்றுதான் இருக்கும். பக்தி அந்த வலியை இல்லையென்று செய்துவிடவில்லை. இது நமக்கு ஓரளவு ஆறுதலாயிருந்தது. ஆனாலும் நம் வழக்கு தீரவில்லை.

2021-ஆம் ஆண்டு அக்டோபர் கடைசியில் ஒரு பத்து நாட்கள் தம்பியிடமிருந்து அழைப்பு வரவில்லை. அண்ணிக்கு இரண்டொரு செய்தி மட்டும் எழுதியிருந்தான். இரவு வேலை, நேரமில்லை என்று. நவம்பர் நடுவில் பேசினான். குரல் மெலிந்திருந்தது. தாயார் விடவில்லை. இழுத்துப் பிடித்துக் கேட்டதில் உண்மை வெளிவந்தது. டெங்குக் காய்ச்சல். மூன்று நாட்கள் அரசு மருத்துவமனையில் இருந்திருக்கிறான். ரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்து பிறகு ஏறியிருக்கின்றன. அறைக்குத் திரும்பிய பின் எழுந்து நடக்க முடியாமல் கிடந்தவனுக்கு, அவன் குடியிருந்த வீட்டுக்காரர் மனைவி வேளைக்கு வேளை கஞ்சியும், நிலவேம்புக் குடிநீரும், இளநீரும் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

நாம் தாயார் கையிலிருந்து டெலிபோனை வாங்கினோம். ஒன்பது மாதங்களுக்குப் பிறகு தம்பியிடம் பேசிய முதல் வார்த்தை, "ஏண்டா எங்ககிட்டச் சொல்லலை?" என்பதே.

"சொன்னா நீங்க ஓடி வந்துடுவீங்க, அண்ணா" என்றான் அவன்.

ஓடி வருவது குற்றமா? அதில் அவனுக்கு அச்சமா, இரக்கமா, அல்லது இன்னமும் ஆறாத கோபமா? நாம் அதைக் கேட்கவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லிக் கொடுத்துவிட்டோம். அன்றிரவு திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது தாயார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நாம் வாய்விட்டே சொல்லிவிட்டோம்: "பத்து நாள் அந்தப் பிள்ளை செத்துப் பிழைச்சிருக்கான். பெத்தவ நீயும் பக்கத்துல இல்லை. வளர்த்தவன் நானும் இல்லை. நீ தினமும் விளக்கேத்திக் கும்பிடுற சாமி எங்கேம்மா போச்சு?"

தாயார் கோபிக்கவில்லை. "காவேரியிலே வெள்ளம்டா" என்றார்.

நமக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. அன்பர்கள் பலர் அறிந்த கதைதான். திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையில் கோயில் கொண்டிருக்கும் சிவபெருமானுக்குத் தாயுமானவர் என்ற பெயர் வந்த கதை. இரத்தினாவதி என்ற செட்டிப் பெண் நிறைமாதமாக இருந்தாள். பிரசவத்துக்கு உதவ அவள் தாய் ஊரிலிருந்து புறப்பட்டாள். வழியில் காவிரி பெருகிவிட்டது. கடக்க முடியாமல் அக்கரையில் நின்றாள். இங்கே பெண்ணுக்கு வலி எடுத்துவிட்டது. அழைக்க ஆளில்லை. சுவாமி அந்தத் தாயின் உருவத்தையே எடுத்துக்கொண்டு வந்து, கதவைத் தட்டி உள்ளே நுழைந்து, பிரசவம் பார்த்தார், பிள்ளையைக் குளிப்பாட்டினார், மருந்து இடித்துக் கொடுத்தார். வெள்ளம் வடியும் வரையில் அந்த வீட்டில் தாயாக வேலை செய்தார். இன்றைக்கும் கர்ப்பிணிகளுக்காக அக்கோயிலில் வேண்டிக்கொள்வார்கள். சுகப்பிரசவம் ஆனால் வாழைத்தார் சாத்துவார்கள். நம் மூவருக்காகவும் தாயார் அங்கு வாழைத்தார் நேர்ந்துகொண்டவர்.

"நீயும் நானும் அக்கரையிலே நின்னோம். அவனுக்குக் கஞ்சி வைக்க ஒருத்தி வந்தா. எந்த உருவத்துலே வந்தா உனக்கென்ன?" என்றார் தாயார்.

இது வரையில் எந்தப் பக்தையும் சொல்லக்கூடியதுதான். நம் மனம், 'பக்கத்து வீட்டுக்காரி செய்ததைச் சாமி கணக்கில் எழுதுவானேன்?' என்று குமாஸ்தாத்தனமாக எதிர்வாதம் செய்தது. தாயார் சற்று நேரம் கழித்து வேறொன்றைச் சொன்னார். அதைத்தான் நம்மால் எளிதில் தள்ள முடியவில்லை.

"வெள்ளம் வடிஞ்சு நெசத் தாய் வந்து வாசல்ல நின்னப்ப சாமி என்ன பண்ணிச்சு, யோசிச்சுப் பார்த்தியா? நான்தானே பாத்துக்கிட்டேன்னு உக்காந்துக்கிச்சா? பொண்ணு நன்றி சொல்லட்டும்னு நின்னுச்சா? அதுக்குப் போகத் தெரிஞ்சிருந்துச்சு. உனக்கு இன்னும் தெரியலை, பெரியவனே."

எழுபது வீட்டுப் பூஜையில் கேட்ட கதை; அந்தக் கடைசிப் பகுதியை நாம் ஒருநாளும் கவனித்ததில்லை. இரண்டு தாய்மார் ஒரே உருவில் நிற்பார்கள், செட்டிப் பெண் திகைப்பாள், சுவாமி மறைவார், பிறகு காட்சி கொடுப்பார் என்று கதை சொல்பவர்கள் அவசரமாகச் சொல்லி முடிப்பார்கள். அற்புதம் என்பது சுவாமி வந்ததில்தான் இருக்கிறது என்று நினைத்திருந்தோம்.

தாயார் சொன்னதை நாம் உடனே ஏற்றுக்கொண்டோம் என்று எழுதினால் அது பொய். நாம் போய்விட்டால் அவனுக்கு யார் என்ற கேள்வி இருந்தது. போய்விட்டால் நமக்கு யார் என்ற கேள்வி அதைவிடப் பெரிதாக இருந்தது. அதை ஒப்புக்கொள்ளத்தான் சில மாதங்கள் பிடித்தன. 18 வயதில் வேறொருவருடைய நாற்காலியில் போய் உட்கார்ந்தவனுக்கு, தம்பியை வளர்த்ததைத் தவிரத் தன் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள வேறு சம்பாத்தியம் இல்லை. அவனை ரயில்வேயில் சேர்க்க நாம் பட்ட பாடெல்லாம், நாம் வேண்டாவெறுப்பாக ஏற்ற அந்த உத்தியோகம் நல்லதுதான் என்று அவனைக் கொண்டு சாட்சி சொல்ல வைப்பதற்காகவே என்று இப்போது தோன்றுகிறது.

2022-ஆம் ஆண்டு பொங்கல் கழிந்து லீவு எடுத்துக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் போனோம். தம்பி பஸ் நிலையத்தில் நின்றிருந்தான். இளைத்திருந்தான்; மீசை வைத்திருந்தான். பழைய பேச்சு எதையும் இருவரும் எடுக்கவில்லை. அந்த வீட்டுக்கார அம்மாளைப் பார்த்து வணங்கினோம். அவர் முதலில் நம்மிடம் ஒரு குற்றச்சாட்டு வைத்தார்: "உங்க தம்பி சாம்பாருக்குச் சர்க்கரை கேக்கிறாருங்க. சுத்த வங்காளத்துப் பிள்ளையா இருக்காரு!" தமிழ்நாட்டுக்குப் போனபின் நம் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் பட்டம் இது, கரக்பூரில் நம்மை மதராஸி என்பார்கள். செலவுக்கென்று ஓர் உறையில் பணம் வைத்து நீட்டினோம். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுவிட்டார். "என் மகன் துபாய்ல இருக்கான். அவனுக்குக் காய்ச்சல் வந்தா அங்கே யாராவது ஒருத்தி கஞ்சி வைக்க மாட்டாளா? அந்த நெனப்புலதான் வச்சேன். பணத்தை உள்ளே வைங்க" என்றார்.

நாம் உறையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டோம். அந்த நிமிஷம் நம் பழைய வழக்கில் வாதியின் தரப்பு மிகவும் பலவீனமாகிவிட்டது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறோம்.

இரவு அவன் அறையில் பாயை விரித்துப் படுத்தோம். தொழிற்சாலை இயந்திரத்தைப் பற்றி வெகு நேரம் சொல்லிக்கொண்டிருந்தான். பாதி நமக்கு விளங்கவில்லை. நள்ளிரவில் விழித்தபோது அவன் தூங்கிக்கொண்டிருந்தான். கை மார்பின்மேல் இருந்தது. நாம் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியிருந்தோம்.

இன்று நமக்கு 38 வயது. நம் மூத்த மகனுக்கு 11 ஆகிறது. அவன் பெயர் பாஸில் இருக்கிறது. இன்னும் பத்தாண்டுகள் இருக்கும். இந்தச் சங்கத்தில் நம்மைப் போன்றவர்கள் பலர் இருக்கிறோம். பிள்ளைகள் பெங்களூருக்கும் புனேக்கும் சென்னைக்கும் போய்விட்டார்கள். ஞாயிறு மாலையில் கூடினால் பேச்சு அதுவாகத்தான் இருக்கிறது. நம் பெரியவர்கள் காவிரிக் கரையையும் பொருநைக் கரையையும் விட்டு இவ்வளவு தூரம் வந்தபோது அவர்களைப் பெற்றவர்கள் வாசலில் நின்று என்ன வழக்குப் பேசினார்களோ, அதை நாம் யாரும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

2024-ஆம் ஆண்டு கோடைக்கு முன்பு தம்பி தாயாருக்கு ஒரு டிக்கெட் அனுப்பினான். காய்ச்சல் சமயத்தில் தாயார் தாயுமானவருக்கு ஒரு வாழைத்தார் நேர்ந்துகொண்டிருந்தார்; பிரசவத்துக்குத்தானே அந்த நேர்த்தி என்று கேட்டால், "பிழைச்சு எழுந்ததும் பிறப்புத்தான்" என்பார். விதவைத் தாய்க்கு நம் பாஸில் இடம் உண்டு. "பாஸ் இருக்கே, எதுக்குக் காசு?" என்று நாம் சொல்ல வாயெடுத்தோம், நம் இல்லாள் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டோம். தாயார் அந்த டிக்கெட்டை அக்கம்பக்கத்துக் குவார்ட்டர்ஸ்களில் எல்லாம் காட்டிவிட்டு வந்தார். கோரமண்டல் வண்டியில் ஏற்றிவிட்டோம். இம்முறை பிளாட்பாரத்தின் கோடி வரையில் கூடவே நடந்தோம். வண்டி மறைந்து ஐந்து நிமிஷம் ஆகவில்லை, டெலிபோன் அடித்தது. "அண்ணா, அம்மா ஏறியாச்சா? கீழ் பெர்த்துதானே? தண்ணி பாட்டில் வெச்சீங்களா?" என்று இருமுறை கேட்டான். எல்லாம் ஆயிற்று என்றோம். "சரி, நீங்க வீட்டுக்குப் போங்க. இனி நான் பாத்துக்கிறேன்" என்றான்.

பத்து நாட்கள் கழித்துத் தாயார் திரும்பினார். துணிப் பையிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய இரண்டு வாழைப்பழங்களை எடுத்துக் கொடுத்தார். சுவாமிக்குச் சாத்திய தாரிலிருந்து எடுத்தவை. வழியில் கறுத்துக் குழைந்து போயிருந்தன. ஒன்றைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு மற்றதை நாம் உரித்தோம். மலைக்கோட்டைப் படி செங்குத்தானது, பாறையைக் குடைந்த வழி, வெளிச்சமும் குறைவு. தாயாருக்கு வயது 63, முழங்கால் வலி வேறு.

"படியேறும்போது தம்பி கையைப் பிடிச்சுக்கிட்டானாம்மா?" என்று கேட்டோம்.

"பிடிக்கலை. நானே ஏறினேன்" என்றார் தாயார். "வாழைத்தாரைத் தோள்ல வெச்சுக்கிட்டு, ஒரு படி பின்னாலேயே வந்தான்."